கழுவின பாவம்

புளி போட்டுத் தேய்த்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டிக்குள் கிடந்த கூழாங்கற்களை அள்ளி அலுமினியச் சட்டியில் கொட்டி, விளக்குத் தேய்க்கக் கரைத்த புளியில் மிச்சம் இருந்ததை ஊற்றி, ஒவ்வொரு கல்லாக எடுத்து, குத்துவிளக்கின் கழுத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் தேய்க்காத பொருள் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பது யாரும் சொல்லித் தராமலே எனக்குள் ஊறிப்போன சங்கதி. கற்களில் பச்சை போயிற்று. வழவழப்பும் போயிற்று. கடையிலிருந்து வந்த அன்றைய நிறத்துக்கு அவை திரும்பின. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

தொட்டி என்னுடையது இல்லை. மீன்களும் என்னுடையவை இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் கடலூர் பஸ்ஸில் கண்டக்டர். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மாள். தெருவே அவரை மதாம் என்றது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். நாங்கள் குடிவந்தபோது அந்தச் சொல்தா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மதாம் அவரைப் பற்றிப் பேசும்போது, 'முசேவுக்கு இது புடிக்காது', 'முசே இப்படித்தான் சொல்லுவார்' என்று, அவர் உள்ளறையில் சவரம் செய்துகொண்டிருப்பதுபோலவே பேசுவார்.

தொட்டி முசே வைத்தது. கூடத்தில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில். ஆறு தங்க மீன்கள். ஒன்று மட்டும் உள்ளங்கை நீளம், தொந்தியும் கிழிந்த பாவாடை போன்ற வாலுமாக. மற்ற ஐந்தும் விரல் அளவு. தொட்டியின் முன் கண்ணாடியை மட்டும் பழைய பிளேடால் சுரண்டி வைத்திருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் பாசி. உள்ளே ஒரு பழைய வாழைத்தோப்பு மாதிரி பச்சை இருட்டு. மீன்கள் அந்த இருட்டிலிருந்து புறப்பட்டு வந்து முகம் காட்டிவிட்டுத் திரும்பிப் போகும்.

மதாமின் ஒரே மகன் பிரான்சில். அம்மா, இங்கேயே வந்துவிடு, வீட்டை விற்றுவிடு என்று அவன் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் சண்டை முற்றிப்போயிற்று. சித்திரை வெயிலில் மதாம் பெட்டி கட்டினார்.

"இந்தத் தடவ போய் மொகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன் பொண்ணே. நான் அங்க வந்து இருக்க மாட்டேன்னு. அங்க தண்ணி சுண்ணாம்பு. பருப்பு வேகாது. தலைக்கு ஊத்துனா முடி நாரா போவுது. நம்ம தண்ணி உண்டா அங்க?"

புதுச்சேரிக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு. வெளியூர்க்காரர் வீட்டுக்கு வந்தால் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முத்திரையர்பாளையத்துத் தண்ணி ருசி என்று ஒரு வாய்ச்சொல் எல்லாருக்கும் உண்டு, குடித்தது எந்தக் குழாய்த் தண்ணீராக இருந்தாலும். மதாம் மகனோடு போட்ட வழக்கில் அவருடைய முதல் சாட்சி இந்தத் தண்ணீர். இரண்டாவது, முசேவின் மீன்கள். "அதுங்கள யார்கிட்ட உடறது?" என்பார்.

சாவியை என் கையில் வைத்து அழுத்திச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம ஒரு வாளி எடு, ஒரு வாளி ஊத்து. தீனி ஒரு சிட்டிக. வேற ஒண்ணும் பண்ணாத. கேட்டியா? ஒண்ணும் பண்ணாத."

"சரிங்க மதாம்."

மூன்று வாரம் ஒன்றும் பண்ணாமல் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம். காலையில் எழுத்துப் பிழைகளைப் பொறுக்கி எறிகிறவள், மாலையில் வந்து அந்தப் பச்சைத் தொட்டியின் முன் நிற்கும்போது விரல் நமநமத்தது. மதாம் திரும்பி வரும்போது கூடத்தில் ஒரு புதுத் தொட்டி பளபளவென்று நிற்க வேண்டும், அவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், மெர்சி மெர்சி என்று நன்றி சொல்லி என் கன்னத்தைத் தொட வேண்டும் என்று ஒரு காட்சி மனதில் ஓட ஆரம்பித்தது. அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன். பாதிதான் அன்பு. மீதி, நல்ல குடித்தனக்காரி என்று பெயர் வாங்கும் ஆசை.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நம்ம பாத்ரூம் செவுத்துல பாசி காடா கெடக்குது. அதத் தேய்க்க ஆள் இல்ல. சொல்தா வீட்டு மீனுக்கு மட்டும் ராஜ சேவையா?"

"அது நம்ம பாசி. இது அவங்க பாசி."

"அதான் சொல்றேன். அவங்க பாசி, அவங்க பாத்துக்குவாங்க."

கேட்கவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் ஒரு வண்ணமீன் கடை இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தொட்டித் தண்ணீரை உறிஞ்சி இறக்கும் ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயோரம் வைத்துக்கொண்டே பேசுவார், சிலர் பல்குச்சி வைத்துக்கொண்டு பேசுவதுபோல. இரண்டு மடங்கு பெரிய தொட்டி, வெள்ளைக் கல், தண்ணீரைச் சுத்தம் பண்ணும் மோட்டார் எல்லாம் வாங்கினேன்.

"மீன் புதுசாக்கா?"

"இல்ல, வீட்ல இருக்குது."

"அவசரப்படாதீங்க. தண்ணி பழகணும்."

அதற்குள் வேறு ஆள் வந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார். தண்ணி பழகணும். மீனுக்கு அந்தத் தண்ணீர் பழகிப்போக வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பழகுவது மாதிரி. பிளாஸ்டிக் பையில் மீன்களைப் போட்டு, புதுத் தண்ணீரின் மேல் பையை அரைமணி நேரம் மிதக்க விட்டேன். பழகிற்று என்று முடிவு செய்து அவிழ்த்து விட்டேன். ஒரே ஒரு சொல். வரிக்கு வரி சொல்லைப் பிடித்துத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், அந்த ஒரு சொல்லைப் பிடிக்கவில்லை.

பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். பழைய கற்களைத்தான் புளியில் தேய்த்தேன்; வெள்ளைக் கல்லின் நடுவே அழகாக இருக்கட்டும் என்று. பழைய தொட்டியில் தண்ணீரை வடிகட்டிய பஞ்சு கரிப்பிடித் துணி போல இருந்தது. வெள்ளையாகும் வரை கசக்கி மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, பிறகு புது மோட்டாரில் செருகினேன். முசேவின் தொட்டியைக் கவிழ்த்து மாடியில் வைத்தேன்.

முதல் இரண்டு நாள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், தண்ணீரே இல்லாததுபோல் இருந்தது. ஆறு மீன்களும் காற்றில் தொங்கின. அவற்றின் நிழல்கூட வெள்ளைக் கல்லில் ஆரஞ்சாக விழுந்தது. வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் யாரோ ஒரு சொட்டுப் பால் விட்டதுபோலத் தண்ணீர் மங்கிற்று. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வரிசையாக வாய் பிளந்து நின்றன.

என் கணவர் பார்த்துவிட்டு விசில் ஊதினார். "எல்லாம் படிக்கட்டுல தொங்குது பாரு. உள்ள எடம் இருக்குது, உள்ள போ, உள்ள போ!"

சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

மங்கல் என்றால் அழுக்கு. அழுக்கு என்றால் கழுவு. எனக்குத் தெரிந்த மருத்துவம் அது ஒன்றுதான். மொத்தத் தண்ணீரையும் இறக்கினேன். கல்லை மறுபடி அலசினேன். பஞ்சை மறுபடி கசக்கினேன். குழாயைத் திறந்து நேராகப் பிடித்து ஊற்றினேன். தண்ணீர் மறுபடி காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து மறுபடி பால். மறுபடி கழுவினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

ஒரு சனிக்கிழமை காலை, சின்னவற்றில் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள் ஒன்றில் சுற்றிச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன். புதைக்கும்போதுதான் பார்த்தேன், அது ஒரு கல்யாணப் பத்திரிகையின் திருத்தாள். என் சிவப்பு மை ஈரத்தில் கலைந்திருந்தது.

மறுநாள் மதாம் போன் செய்தார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து பேசுவார்.

"என் புள்ளைங்க எப்படி?"

"நல்லா இருக்குங்க மதாம்."

"பெரியவன் சாப்புடறானா?"

"நல்லா சாப்புடுது."

இது முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். மூச்சுகூட மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது போயிற்று. அதை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்து, விரலால் செவுளைத் தூக்கினார். உள்ளே மிளகாய்ப் பழம் போல் சிவந்திருந்தது.

"எரிஞ்சி போயிருக்குது பாருங்கக்கா."

"தண்ணி சுத்தமாத்தாங்க இருக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி மாத்தறேன்."

"அதான் கேடு. பழைய தொட்டிக் கல்லு, பஞ்செல்லாம் என்னா பண்ணீங்க?"

"கழுவிப் போட்டேன்."

"எதுல?"

"புளியில."

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார். "ஏங்க்கா, மீன் வளக்கறீங்களா, கொழம்பு வைக்கிறீங்களா?"

கடையில் நின்ற இன்னொருவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர் நிறுத்திக்கொண்டு, ஒரு கவிழ்த்த வாளியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மீன் இருக்கற எடத்துலதான பேளுது, பேயுது? அது தண்ணியில நஞ்சா நிக்கும். அமோனியான்னு சொல்லுவாங்க. செவுள எரிச்சிடும். அதத் திங்கற கிருமி கல்லுல, பஞ்சுல, பாசியில குடியிருக்குது. கண்ணுக்குத் தெரியாது. புதுத் தொட்டியில அது குடிவந்து சேர ஒரு மாசம், ஒன்ற மாசம் ஆவும். வந்துடுச்சின்னா தண்ணி பழகிடுச்சின்னு அர்த்தம். உங்க வீட்டுப் பழைய தொட்டியில அதுங்க வருசக்கணக்கா குடியிருந்திருக்குது. நீங்க எல்லாரையும் காலி பண்ணிட்டு வெறும் வீட்ல மீன உட்டுட்டீங்க."

"தண்ணி பழகணும்னு நீங்க சொன்னது..."

"தண்ணிதான்க்கா பழகணும். மீன் என்னத்தப் பழகறது?"

பிறகு அவர் தன் கடையில் ஆகப் பழைய தொட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, ஒரு பைக்குள் பிழிந்தார். கறுப்புச் சாறு. "கொண்டும் போய் தொட்டியில ஊத்துங்க. உங்க பஞ்சத் தொடாதீங்க. தெனம் ஒரு வாளி எடுத்துட்டு ஒரு வாளி ஊத்துங்க. மொத நாளே புடிச்சி மூடாம வெச்ச தண்ணி. தீனி ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி." பையை முடிச்சுப் போட்டபடியே இன்னொன்றும் சொன்னார். "மிச்சம் மூணையும் எங்கிட்ட கொண்டாந்து உடுங்கக்கா. ஒரு மாசம் எந்தொட்டியில கெடக்கட்டும். காலித் தொட்டியில தெனம் ஒரு சிட்டிக தீனி போடுங்க, அது அழுவி கிருமிக்கு நஞ்சு குடுக்கும். அங்க தண்ணி பழகனதும் எடுத்துகினு போங்க."

இங்கேதான் நான் நிற்கிறேன். இத்தனை வருஷமாக, எதை எழுத உட்கார்ந்தாலும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன். அதுவரை நடந்தது அறியாமை. அறியாமைக்கு மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதர் வழி காட்டினார். நான் வேண்டாம் என்றேன். காரணம், பக்கத்து வீட்டு அம்மாள் அடிக்கடி மதாமின் கூடத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். காலித் தொட்டியைப் பார்த்தால் அன்றைக்கே செய்தி பிரான்சுக்குப் போய்விடும். மீன் ஒன்றிரண்டு குறைந்தது கண்ணில் படாது, காலித் தொட்டி படும். இவ்வளவும் ஒரு நொடியில் கணக்குப் போட்டு, "பரவால்லங்க, நானே பாத்துக்கறேன்" என்றேன்.

ஆட்டோவில் அந்தக் கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிந்திய ஐந்து வாரங்களை எப்படிச் சொல்வது? மீனை உள்ளேயே விட்டதால் தொட்டிக்குள் நடந்த கொடுமை இதுதான்: மீன் கழித்தால்தான் நஞ்சு, நஞ்சு இருந்தால்தான் அதைத் தின்னும் கிருமிக்கு உணவு. ஆகவே மீன் உள்ளே இருந்து எரிந்துகொண்டே தண்ணீருக்குப் பாடம் சொல்ல வேண்டும். தண்ணீர் மெதுவாகக் கற்கும் மாணவன். தினமும் விடிந்ததும் கீழே இறங்கி ஒரு வாளி எடுத்தேன், ஒரு வாளி ஊற்றினேன். மதாம் ஞாயிறுக்கு ஒன்று என்று சொன்ன அதே வேலை. இரண்டாம் வாரம் ஒன்று, மூன்றாம் வாரம் ஒன்று என்று மிச்சமிருந்த சின்னவை இரண்டும் போயின. அந்த இரண்டு, கடைக்காரரின் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்திருக்க வேண்டியவை.

பெரியது மட்டும் அடியில், மூலையில், செதில்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. வாலில் ரத்தக் கோடுகள். நான் போய் உட்கார்ந்தால் ஒரு கண்ணால் பார்க்கும். குற்றம் சாட்டவில்லை; மீனுக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாது என்பதுதான் தாங்கவில்லை.

ஐந்து போன பிறகு மறைக்க முடியவில்லை. அந்த ஞாயிறு மதாம் கேட்டபோது சொன்னேன், "மதாம், சின்னதுங்க செத்துப்போச்சு."

"எத்தன?"

"அஞ்சும்."

"மோன் தியே! என்னா ஆச்சு?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. மூன்றே சொல். நான் தொட்டியைக் கழுவினேன். என் வாயிலிருந்து வந்தது வேறு மூன்று சொல். "தண்ணி சரியில்லங்க மதாம்."

மிகவும் சின்னக் குரலில் கேட்டார், "நம்ம தண்ணியா?"

"ஆமாங்க. இப்பல்லாம் மருந்து நெறைய கலக்கறாங்க போல. ஒரு மாதிரி வாட வருது."

ஒரு வாடையும் வரவில்லை. தண்ணீர் எப்போதும்போல்தான் இருந்தது. அன்று மதியமும் அதில்தான் பருப்பு வேகவைத்துச் சாப்பிட்டேன்.

ஆடி மாதம் ஒருநாள் பெரியது மூலையை விட்டு வந்து கல்லை வாயால் புரட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கண்ணாடியில் ஒரு பொட்டு அளவு பச்சை. தொடவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பழகிடுச்சிக்கா, இனிமே பயமில்ல" என்றார். வீடு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

மதாம் ஆவணியில் வந்தார். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டி முன் நின்றார்.

"இது எது?"

"புதுசு மதாம். உங்களுக்காக..."

"முசே தொட்டி?"

"மாடியில பத்தரமா இருக்குது."

மதாம் விரலைக் கண்ணாடியில் வைத்தார். பெரியது கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு வந்து விரலுக்கு நேரே நின்றது. பிறகு அவர் அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தார். குடிக்கவில்லை. கையை உதறிவிட்டுக் குழாயை மூடினார். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குக் கேன் தண்ணீர் வர ஆரம்பித்தது.

மகனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், வர மாட்டேன் என்று. ஆனால் பதினைந்து நாள் கழித்து, துணி காயப்போடப் படியேறியபோது, கீழே அவர் போனில் பேசுவது கேட்டது. பிரெஞ்சு பாதி, தமிழ் பாதி. "நீ சொன்னது சரிதாம்பா. ஊரு மாறிப்போச்சி. தண்ணிகூட போச்சின்னா பாத்துக்கயேன். மீனே சாவுது, மனுச எம்மாத்திரம்? அலோர், அங்கியே வந்துடறேன்."

ஈரத்துணி என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே கீழே போனேன். போனதற்காக எனக்கு நானே கொஞ்சம் மார்க் போட்டுக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

"மதாம், தண்ணிமேல தப்பில்ல. நான்தான் கழுவினேன். கல்லு, பஞ்சு எல்லாத்தையும் கழுவிட்டேன். அதான் செத்துச்சி."

மதாம் என்னை உற்றுப் பார்த்தார். "கழுவினா சாவுமா?"

"ஆமாங்க மதாம்."

அவர் முகம் இளகிற்று. என் கன்னத்தைத் தொட்டார், நான் ஆசைப்பட்ட அதே மாதிரி. "எனக்கு மனசு கஷ்டமாயிடக் கூடாதுன்னு பழிய உந்தலையில போட்டுக்கறியா? சுத்தமா வெச்சி யாராவது செத்திருக்காங்களா பொண்ணே? நீ இல்லன்னா அந்தப் பெரியவனும் இருந்திருக்க மாட்டான்."

"இல்லங்க மதாம்..." என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அமோனியா என்ற சொல் எனக்குத் தெரியும். கிருமி, பஞ்சு, பழகின தண்ணீர் எல்லாம் பாடமாகத் தெரியும். கடைக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாம். நான் மீன்களைக் காப்பாற்ற மறுத்ததைச் சொல்லியிருக்கலாம். அவர் கை என் கன்னத்தில் இருந்தது, சில்லென்று. பெட்டியைத் திறந்து, பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

தை மாதத்துக்குள் வீடு கைமாறிவிட்டது. மதாம் போகும்போது மீனை எனக்கே கொடுத்துவிட்டார். நாங்கள் கதிர்காமத்துக்குக் குடிபோனோம். தொட்டித் தண்ணீரைக் குடங்களில் நிரப்பி, பஞ்சை அதிலேயே ஊறவைத்து, பாசி படிந்த கல்லைப் பாசியோடு அள்ளிக்கொண்டு போனேன். "ஊர்ல தண்ணியே இல்லாத மாதிரி லாரியில தண்ணி ஏத்தறா பாரு" என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். மீன் அந்தத் தண்ணீரில் இன்னும் பல வருஷம் இருந்தது.

மதாம் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பேசினார். மழைக்காலம். குரல் தேய்ந்திருந்தது.

"பெரியவன் இருக்கானா?"

"இருக்குங்க மதாம்."

"தண்ணி இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குங்க," என்றேன். பிறகு, நிறுத்த முடியாமல், "எப்பவும் நல்லாத்தாங்க இருந்துச்சி" என்றேன்.

"அப்படியா," என்றார்.

புரிந்துகொண்டாரா, அல்லது வெறும் பேச்சுக்கு வந்த 'அப்படியா'தானா, தெரியவில்லை. மேலே கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அன்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இங்க குளிரு ஆரம்பிச்சிடுச்சி பொண்ணே," என்றார்.